கஸ்பாரின் மாறுகண்

கடலோடு போய்ச் சேர்ந்த கஸ்பார் மோத்தா இருபது சொச்சம் வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மேட்டுத்துறைக் கரையில் சாளை ஏலம் சூடுபிடித்திருந்த நேரத்தில், இடுப்பளவு தண்ணீரில் எழுந்து, முழங்காலளவு தண்ணீரில் நடந்து, கணுக்காலளவு தண்ணீரில் நின்று, கையைக் கண்ணுக்கு மேலே குடையாகப் பிடித்துக் கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, "என்ன, வேற யாரும் எந்திரிக்கலையா?" என்று கேட்டான். மூன்றாம் தரம் சொல்ல வாயைத் திறந்திருந்த ஏலக்காரர் திறந்தபடி நின்றார்; ஆனால் சாளை காத்திருக்கிற மீன் இல்லை, வெயில் ஏறினால் வயிறு வெடித்துவிடும் என்பதால், முதலில் மூன்றாம் தரத்தைச் சொல்லி முடித்துக் கூடையைக் கைமாற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கஸ்பாரிடம் நீட்டினார். ஏனென்றால் கஸ்பார் பிறந்தமேனியாக நின்றான். அதற்கு வெட்கப்பட வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. காகிதக் கூண்டுக்குள் விளக்கு வைத்ததுபோல அவன் உடம்பிலிருந்து ஒரு வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. துண்டைக் கட்டிய பிறகு துண்டு வழியாகவும் வந்தது.

தப்பு பேண்டுக்காரன் கொர்னேலியுடையது என்று ஊர் பிறகு முடிவு செய்தது. மிக்கேல் அதிதூதர் திருவிழாவுக்காக பேண்டு செட்டுக்குப் புதிதாக ஒரு ட்ரம்பெட் வாங்கியிருந்தார்கள். அன்று விடிந்ததும் கொர்னேலி அதை எடுத்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்று, கன்னம் இரண்டும் பலாக்காய்போல் உப்ப, முழு மூச்சையும் கொடுத்து ஊதியிருக்கிறான். கஸ்பாருக்கு உயிரோடிருந்த காலத்திலேயே கோழித்தூக்கம். செத்தவர்களை எழுப்புகிற கடைசி நாளின் எக்காளம் ஊதியாயிற்று என்று நினைத்து எழுந்து வந்துவிட்டான். மற்றவர்கள் எல்லாம் நன்றாகத் தூங்குகிறவர்கள்.

நேவிஸம்மாள் அப்போது வீட்டுக்குப் பின்னால் நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அறுபது தாண்டிய பெண், கருவாட்டுக் கூடை சுமந்தே முதுகு வளைந்தவள், வாய் மட்டும் வளையாதவள். பக்கத்து வீட்டு கிளாரா மூச்சிரைக்க ஓடிவந்து, "நேவிஸக்கா, உங்க வீட்டுக்காரரு கடல்ல இருந்து வந்துட்டாரு!" என்று சொன்னபோது அவள் நிமிரக்கூட இல்லை. "யாரு, அவியளா? கால்ல மணலத் தட்டிட்டு உள்ள வரச் சொல்லு" என்றாள். அவள் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. கஸ்பார் கடைசியாகக் கடலுக்குப் போன காலையில் அவர்களுக்குள் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. வாசலில் நிற்கிற முருங்கையை வெட்ட வேண்டும், கம்பளிப்பூச்சி வீட்டுக்குள் வருகிறது என்று அவனும், மரத்தில் கைவைத்தால் கையை வெட்டுவேன் என்று அவளும், ஆளுக்கு ஆள் பேச்சு ஏறிக்கொண்டே போய், அவள் ஒரு நல்ல பதிலை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்த நேரத்தில் தோணிக்காரர்கள் கூப்பிட்டார்கள், அவன் "வந்து பேசிக்கிடுதேன்" என்று போனான். போனவன் போனவன்தான். முருங்கை அடுத்த ஐப்பசிக் காற்றில் தானாகவே விழுந்தது. மரம் போன பிறகும் சண்டை மட்டும் அவளுக்குள் பச்சையாக நின்றது. கருவாடு விற்க நடக்கிற வழியெல்லாம் அந்தப் பதிலைத் தேய்த்துத் தேய்த்து, முனை சீவி, அதற்கு அவன் என்ன சொல்வான், அதற்குத் தான் என்ன சொல்ல வேண்டும் என்று, ஆளில்லாத சண்டையை ஆள் இருப்பதுபோலவே நடத்திக்கொண்டு வந்திருந்தாள். வந்து பேசிக்கிடுதேன் என்றான், வந்திருக்கிறான், இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஆச்சரியம் அவன் வாசலில் வந்து நின்றபோதுதான். கஸ்பார் மாறுகண்காரன். வலது கண் ஆளைப் பார்த்தால் இடது கண் மூக்குத்தண்டைப் பார்க்கும். முகமெல்லாம் அம்மைத் தழும்பு, முன்பல்லில் பாதி கிடையாது, ஒரு காலைச் சற்று இழுத்துத்தான் நடப்பான். வந்து நின்றவனுக்கோ பல் முத்துக்கோத்தாற்போல இருந்தது, முகம் கடைந்து எடுத்ததுபோல வழவழவென்று இருந்தது, கால் இரண்டும் ஒன்றுபோல ஊன்றின, வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். இரண்டு கண்ணும் நேராக அவளையே பார்த்தன. இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் தன்னைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நீங்க யாரு?"

"நான் கஸ்பார், நேவிஸ்."

கஸ்பார் அவளை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏட்டி என்பான், சந்தோஷத்தில் ஒரு ஏட்டி, கோபத்தில் ஒரு ஏட்டி, பசியில் ஒரு ஏட்டி. அவள் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தாள். "கடேசியா நாம என்ன பேசிக்கிட்டு இருந்தோம்?"

"முருங்கை மரத்தப் பத்தி."

அவன்தான்.  கையிலிருந்த நெத்திலியை உதறிவிட்டு, இடுப்பில் கைவைத்து, இத்தனை வருஷம் சீவிவைத்த பதிலை எடுத்து வீசப் போனாள். அதற்குள் அவன் முகம் மலர, "நீ சொன்னதுதான் சரி, நேவிஸ். மரத்த வெட்டச் சொன்னது என் தப்பு" என்றான்.

நேவிஸம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செத்தவன் வந்ததைத் தாங்கியவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை.

பங்குச்சாமியார் ஆக்னல் அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் படிப்புக்கு வேலை வந்ததைக் கண்டார். ரோமாபுரியில் ஏழு வருஷம் இருந்து, மத்திய காலத்து வேதசாத்திரிகள் உடம்பின் அழகைப் பற்றியும் ஆன்மாவின் அழகைப் பற்றியும் என்ன சொன்னார்கள் என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவர் அவர். வந்த நாளிலிருந்து கல்யாண ஓலை வாசிப்பதும், பந்தல்காரனோடு வாதாடுவதும், தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுவதுமாகவே காலம் போயிற்று. செய்தி கேட்டதும் சாமியார் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். கஸ்பாரைச் சுற்றிச் சுற்றி வந்தார். தொட்டுப் பார்க்கக் கேட்டு, தொட்டுப் பார்த்து, கண்ணில் நீர் வழிய, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே பெரியவங்க இதை யோசிச்சு வச்சிருக்காங்க" என்றார். "உயிர்த்தெழும்போது எல்லாரும் ஆண்டவர் சிலுவைல பாடுபட்ட முப்பத்துமூணு வயசுலதான் எழுவாங்க. பால்குடியாச் செத்த பிள்ளையும் அந்த வயசு, பல்லுபோன கிழவனும் அந்த வயசு. ஊனம் ஒண்ணும் இருக்காது. முழுமை, பொருத்தம், ஒளி, இந்த மூணும் கூடினாத்தான் அழகு. ஆன்மாவுக்குள்ள இருக்கிற அழகு நிறைஞ்சு, பால் பொங்கி வழியுதில்லையா, அந்த மாதிரி உடம்பு மேல வழிஞ்சிரும். இப்ப நீங்க பாக்குறது கஸ்பாரோட தோல் இல்ல. கஸ்பாரோட ஆன்மா!"

"கஸ்பாருக்குள்ளயா இவ்வளவு கிடந்துச்சு?" என்று கிளாரா கேட்டாள். உயிரோடிருந்தபோது அவன் அவள் வேலியிலிருந்து சேவலைத் திருடியதை அவள் இன்னும் மறக்கவில்லை.

"நான்தான் திருடினேன், கிளாரா. நல்ல சேவல்" என்றான் கஸ்பார், கண்ணாடி மாதிரி. பொய் அவன் வாய்க்கு வரவே மாட்டேன் என்றது.

அப்போது ஊர்த்தலைவர் சிங்கராயர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார். காலையிலிருந்து வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. பத்து ஊருக்குத் தெரிந்த அவருடைய தொப்பையில் ஒரு பெரிய பங்கு விடியற்காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது. கேட்கப் போனால் அவருக்கு மட்டுமில்லை. கிளாராவின் தாடைக்குக் கீழே தொங்கிய சதையைக் காணோம், ஒருத்திக்கு முழங்கை மெலிந்திருந்தது, ஒருவனுக்குக் காது மடல் சின்னதாகியிருந்தது. சாமியார் இதற்கும் தயாராக இருந்தார். கஸ்பாரை மீன் தின்றது. மீனை ஊர் தின்றது. உயிர்த்தெழுகிறபோது முதலில் யாருடைய சதையோ அது அவனுக்கே திரும்பிப் போகும் என்று பெரியவர்கள் வாதாடித் தீர்த்து வைத்திருக்கிறார்கள் என்றார்.  சிங்கராயர், தன் தொப்பையின் அந்தப் பங்கு இப்போது எங்கே சேர்ந்திருக்கும் என்று கஸ்பாரின் உடம்பில் தேடிப் பார்த்தார். அன்றைக்கு ஊரே அப்படித்தான் அவனைப் பார்த்தது. இத்தனை நாளாக எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் கஸ்பாராக நடமாடியிருக்கிறோம் என்று தெரிந்ததும், அவனை அந்நியமாக நினைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

நேவிஸம்மாளுக்கு மட்டும் உடம்பில் ஒன்றும் குறையவில்லை. அவன் போன நாளிலிருந்து அவள் கடல் மீனை வாயில் வைத்ததில்லை. ஏன் என்று யாரிடமும் சொன்னதுமில்லை.

அதற்குப் பிறகு ஊர் கஸ்பாரைத் தன் வழக்கத்துக்குள் இழுத்துக்கொண்டது. அந்திசாய அவனைக் கரையில் நிறுத்தினால் தோணிகள் தடுமாறாமல் வந்து சேர்ந்தன. மின்சாரம் போகிற நேரத்தில் ஜெபமாலை சொல்லும் வீட்டு முற்றத்தில் அவனை உட்காரவைத்தார்கள். கொசு மட்டும் அவன் பக்கம் கூடியது, கடித்தும் பார்த்தது, அவனுக்கு நோகாததால் அவன் விரட்டவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் முதலில் ஆசையாக அவனைப் படம் பிடிக்கக் கூப்பிட்டார்கள்; அவன் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைகளெல்லாம் படத்தில் அடுப்புக்கரியாக விழுந்ததும் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கோயிலில் பெண்கள் பக்கத்து முதல் வரிசையில் இடம்பிடிக்கத் தள்ளுமுள்ளு நடந்தது. ஆண்கள் சவரம் செய்யத் தொடங்கினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் திருவிழாவுக்கு அவனை இரவல் கேட்டு வந்தார்கள், சப்பரத்துக்கு முன்னால் நடக்கவிட. கஸ்பார் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். யாருக்கும் எதையும் மறுக்க அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள் நேவிஸம்மாள் பட்ட பாடு வெளியே தெரியாது. அவன் கதவைத் திறக்காமலே கதவு வழியாக உள்ளே வந்தான். சாப்பிட மாட்டான், பசியே இல்லை. குறட்டை கிடையாது, குடி கிடையாது, பீடி கிடையாது. காலில் மணல்கூட ஒட்டுவதில்லை. திட்டினால் சிரித்தான், திட்டத் திட்ட வெளிச்சம் கூடியது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "உங்க அம்மாக்காரி என்னைப் படுத்தின பாடு தெரியுமா உமக்கு?" என்று ஆரம்பித்தாள். அந்தப் பேச்சை எடுத்தால் பழைய கஸ்பார் பாத்திரத்தை உருட்டுவான், கூரை அதிரும். புதிய கஸ்பார், "தெரியும் நேவிஸ். நீ பட்டது ரொம்ப" என்றான். அவள் எழுந்து போய்க் கொல்லையில் நின்று அழுதாள்.

"என்னக்கா அழுதிய? தங்கமான மனுஷன்லா?" என்றாள் கிளாரா.

"தங்கத்த வச்சு நாக்கா வழிக்க?" என்றாள் நேவிஸம்மாள். "எம் புருஷனுக்கு மாறுகண்ணுட்டி. பொய் சொல்லும்போது அந்தக் கண்ணு இன்னும் கொஞ்சம் மூக்குக்குள்ள போயிரும். அத வச்சுத்தான் நான் குடும்பம் நடத்துனேன். இந்த மூஞ்சில எதப் பாக்க? எல்லாம் ஒண்ணுபோல நல்லா இருக்கு."

விஷயம் முற்றியது பெண்ணைப் பெற்றவர்களால். கஸ்பாருக்கு இப்போது பார்க்க முப்பத்துமூன்று வயது. கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. சோறுகூடப் போட வேண்டாம். மரணம் பிரிக்கும்வரை என்றுதானே கோயிலில் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள், மரணம்தான் பிரித்தாயிற்றே, ஆகவே கஸ்பார் இப்போது கல்யாணம் ஆகாதவன் என்று யாரோ ஒரு மகராசி கண்டுபிடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் கோயில் முகப்பில் ஊர்க்கமிட்டி கூடியது. நடுவில் நாற்காலியில் கஸ்பார், பக்கத்தில் சாமியார், எதிரே சிங்கராயர், சுற்றிலும் ஊர்.

கல்யாணப் பேச்சைச் சாமியார் ஒரே வரியில் முடித்தார். "உயிர்த்தெழுந்தவங்க பெண் கொள்றதும் இல்ல, கொடுக்கிறதும் இல்ல. வேதத்துலயே இருக்கு." பெண்ணைப் பெற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்போது நேவிஸம்மாள் எழுந்தாள்.

"சாமி, எனக்கு ஒரு மனு இருக்கு. இவியளுக்கு அந்த மாறுகண்ணத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. சாமியார் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார்: "அம்மா, ஊனம் மனுஷனோட இயல்பு இல்ல. கடவுள் வரைஞ்ச படத்துல விழுந்த கறை மாதிரி. எழும்போது அது இருக்காது. ஒரேயொரு விதிவிலக்குத்தான். வேதத்துக்காக உயிரைக் கொடுத்த வேதசாட்சிகளோட காயத்தழும்பு மட்டும் அழியாது. அது ஊனம் இல்ல, அன்புக்காகப் பட்டது. மத்த இடத்தைவிட அந்த இடந்தான் அதிகமா ஒளிவிடும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"வேதத்துக்காகப் பட்டா மட்டுந்தானா?"

"ஆண்டவர் மேல வச்ச அன்புக்காக."

"கல்யாணமும் ஆண்டவரு ஏற்படுத்துன தேவதிரவிய அனுமானந்தானே சாமி, ஞானஸ்நானத்தப் போல? நீங்கதானே போன மாசம் பிரசங்கத்துல சொன்னிய? அதுல கிடந்து பட்ட காயம் எந்தக் கணக்குல வரும்?"

 சிங்கராயர் குறுக்கிட்டார். "என்ன பேசுதிய மதினி? அது பாய்க்கயிறு அறுந்து கண்ணுல அடிச்சதுல்லா? ஊருக்கே தெரியும். இவனே எத்தன தடவ சொல்லியிருக்கான்!"

எல்லோரும் கஸ்பாரைப் பார்த்தார்கள். பொய் சொல்ல முடியாத கஸ்பார் பேசாமல் இருந்தான். அவன் மேல் இருந்த வெளிச்சம் காற்றடித்த சுடர்போல அசைந்தது. வந்த நாளிலிருந்து அவன் பதில் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. நேவிஸம்மாளுக்கு முகம் சிவந்தது, ஊரே பார்க்கிறது, சொன்னால் சாகும்வரை சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் மனு கொடுத்தவள் அவள்.

"சொல்லுங்க" என்றாள். "நானே சொல்லச் சொல்லுதேன்."

கஸ்பார் சொன்னான். கல்யாணம் ஆன புதுசு. இரண்டு மூன்று ஊர் தள்ளி ஒரு கோயில் திருவிழாவுக்குப் புதுப்பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போனான். சப்பரம் பார்த்தான், கூட்டாளிகளைப் பார்த்தான், கூட்டாளிகளோடு சிரித்துப் பேசிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்துவிட்டான். பெண்டாட்டி ஒருத்தி கூட வந்தாள் என்பதே மறந்துபோயிற்று. அவள் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கரை மணலிலேயே ஒற்றையாக நடந்து, காலையில் வீட்டுக்கு வந்தபோது, அவன் உட்கார்ந்து பழையது குடித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, "ஏட்டி, காலங்காத்தால எங்க போயிட்டு வாற?" என்று கேட்டான். அடுப்படியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை கிடந்தது. அது அவன் பொட்டில் வந்து விழுந்தது. அன்றிலிருந்து இடது கண் அவன் சொன்னபடி கேட்கவில்லை.

கோயில் முகப்பு அதிர ஊர் சிரித்தது. சாமியார்கூட அங்கியின் கையால் வாயை மூடிக்கொண்டார். நேவிஸம்மாள் தலையைக் குனியாமல் நின்றாள்.

"அப்ப கயிறு?" என்றார் சிங்கராயர்.

"கயிறுன்னு சொன்னது பொய்" என்றான் கஸ்பார். "புதுசா வந்த பிள்ள. புருஷன் கண்ணப் பறிச்சவளுன்னு ஊரு பேரு வச்சிரும். தப்பு என்மேல. அதனால யாரு கேட்டாலும் கயிறுன்னேன். எங்க அம்மைட்டயும் அதத்தான் சொன்னேன். சாமியார்ட்ட பாவத்தச் சொல்லுத பாவசங்கீர்த்தனத்துலயும் கயிறுன்னுதான் சொன்னேன்."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"அந்த ஒரு பொய்க்காக, மோட்சத்துக்கு முன்னால பாவத்தக் கழிக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்துல கொஞ்ச காலம் கிடந்தேன். நல்ல இடந்தான். சூடு கூடுதல். மத்த எல்லாத்துக்கும் மனசு நொந்து மனஸ்தாபப்பட்டுட்டேன், கிளாரா சேவலுக்குக்கூட. இதுக்கு மட்டும் மனஸ்தாபம் வரவே மாட்டேன்னுட்டு. அங்க உள்ளவிய கேட்டுக் கேட்டுப் பாத்தாவ. கடேசில, சரி போன்னு விட்டுட்டாவ."

அவன் அதைச் சொல்லி முடிக்கிறபோது, முகப்பில் நின்ற எல்லோரும் பார்த்திருக்க, அவன் இடது கண் மெல்ல நகர்ந்தது. அவசரப்படாமல், தோணி துறைக்குத் திரும்புவதுபோல, பழகிய வழியில் போய் மூக்குத்தண்டுக்குப் பக்கத்தில் நின்றது. நின்ற இடத்தில் ஒரு வெளிச்சம் கிளம்பியது பாருங்கள், அதுவரை அவன் உடம்பில் இருந்த வெளிச்சமெல்லாம் அதற்கு முன்னால் சிம்னி விளக்காகத் தோன்றியது. சாமியார் ஆக்னல் மண்டியிட்டார். ஏழு வருஷம் படித்ததில் புருஷன் பெண்டாட்டிச் சண்டையைப் பற்றி ஒரு பெரியவரும் ஒரு வரிகூட எழுதவில்லையே என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பாவம், அவர்களும் கல்யாணம் ஆகாதவர்கள்.

கஸ்பார் கண்ணைத் தேய்த்தான். ஒரு கண்ணால் ஊரையும் ஒரு கண்ணால் தன் மூக்கையும் பார்த்தான். பிறகு நேவிஸம்மாளைப் பார்த்துச் சொன்னான்:

"ஆனாலும் ஏட்டி, சிரட்டையக் கொஞ்சம் மெதுவா எறிஞ்சிருக்கலாம் நீ."

நேவிஸம்மாளின் முதுகு, இருந்த கூனோடு, ஒரு சாண் நிமிர்ந்தது. "மெதுவாவா? நான் மெதுவா எறியணுமா? நடுராத்திரில ஒத்தைல ஒரு பிள்ளைய விட்டுட்டு வந்த மனுஷன் பேசுத பேச்சா இது?"

"மறந்துட்டேன்னு சொன்னேம்லா!"

"ஓய், மறக்கதுக்கு நான் என்ன குடையா?"

"குடையவாவது மடக்கி வைக்கலாம்! ஒன் வாய மடக்க முடியுமா? அந்த முருங்கை மரம்..."

"வாங்க! வாங்க முருங்கைக்கு!" என்று அவள் கூவிய கூவலில் கோயில் புறா எல்லாம் பறந்தன.

அப்படி ஒரு சண்டையை மேட்டுத்துறை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. கோயில் முகப்பில் தொடங்கி, தெருவழியாக நடந்து, வீட்டு வாசலில் நிலைகொண்டு, முருங்கையிலிருந்து மாமியாருக்கும், மாமியாரிலிருந்து கம்பளிப்பூச்சிக்கும், கம்பளிப்பூச்சியிலிருந்து கல்யாணப் பந்தலில் போட்ட சோற்றுக்கும் தாவித் தாவி, ஒருவர் ஓய்ந்தால் மற்றவர் ஏற்றி, அது உச்சிப்பொழுதைத் தாண்டிப் போயிற்று. ஊர் திண்டுபோட்டு உட்கார்ந்து கேட்டது. நடுவில் கிளாரா விளைமீன் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். நேவிஸம்மாள் பேச்சை நிறுத்தாமலே பிசைந்து, முள்ளை எடுத்துப் போட்டுக்கொண்டே ஏசி, ஏசிக்கொண்டே தின்று, தட்டை வழித்தாள். என்ன தின்கிறோம் என்று அவள் கவனிக்கவே இல்லை. கடைசியில் இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. முருங்கையை வெட்டியிருக்க வேண்டுமா கூடாதா என்பது மட்டும் முடிவாகவில்லை.

கஸ்பார் எழுந்து துண்டை உதறினான். "இன்னும் நேரம் வரல போல. மத்தவிய எந்திரிக்கட்டும். போய்ப் படுக்கேன்."

அவள் இருங்கள் என்று சொல்லவில்லை. கரைவரை கூடவே நடந்தாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஊர் கொஞ்சம் தள்ளி நின்றது, காது கேட்கிற தூரத்தில்.

"நானும் எந்திரிக்கும்போது அந்த வயசுதானா?" என்று கேட்டாள்.

"அப்பிடித்தான்."

"இந்தக் கூனு?"

"போயிரும்."

"முட்டுவலி?"

"அதுவும் போயிரும்."

"முட்டுவலி போட்டும்" என்றாள். ஈர மணலில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "எனக்கும் எதையாவது வச்சுக்கிட விடுவாவளா? சாமி சொல்லுதாவ, பட்டதுன்னா வச்சுக்கிடலாமாம்."

"கேட்டாத் தருவாவ."

"எத வச்சுக்கிடட்டும்? நீங்களே சொல்லுங்க. அப்புறம் அடையாளம் தெரியலம்பிய."

கல்யாணத்தன்று இருந்த ஏதாவது ஒன்றைச் சொல்வான் என்று அவள் நினைத்தாள். தாடையில் இருக்கும் மருவைச் சொல்வான், அல்லது சிரித்தால் ஒரு பக்கம் விழும் குழியை. அது இப்போது சுருக்கத்துக்குள் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியாது. கஸ்பார் நின்று, தண்ணீர் காலை நனைக்க, வலது கண்ணால் ஒரு தடவையும் இடது கண்ணால் ஒரு தடவையும் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். நரைத்த மயிரைப் பார்த்தான், வெயிலில் கருகிய நெற்றியைப் பார்த்தான், கூடை சுமந்த கழுத்தைப் பார்த்தான், உப்பு அரித்த விரல்களைப் பார்த்தான்.

"நான் போனதுக்கு அப்புறம் வந்தது அம்புட்டையும் வச்சுக்க ஏட்டி" என்றான். "அதுல ஒண்ணையும் நான் கூட இருந்து பாக்கலல்லா. மெதுவா உக்காந்து பாக்கணும்."

 எந்தப் பேச்சுக்கும் பதில் வைத்திருக்கிற நேவிஸம்மாள் தன் கன்னத்துச் சுருக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அவன் கணுக்காலளவு தண்ணீரில் நடந்து, முழங்காலளவு தண்ணீரில் நடந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். இடது கண்ணின் வெளிச்சம் மட்டும் தண்ணீருக்கடியில் கொஞ்ச தூரம் தெரிந்தது. ஏலக்காரர் துண்டைப் பற்றி ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் விட்டார்.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர்கள் பாவங்களைச் சொல்லி முடித்ததும், சல்லடை ஜன்னலுக்கு இன்னும் நெருங்கி, உயிர்த்தெழும்போது தங்களுக்கு எது வேண்டும் என்று ரகசியமாகச் சொல்லத் தொடங்கினார்கள். ஒருத்தி பிரசவத்தில் விழுந்த வயிற்று வரியைக் கேட்டாள். கொர்னேலி ஊதி ஊதித் தடித்த உதட்டைக் கேட்டான். சிங்கராயர் தன் தொப்பையில் பாதியாவது கிடைக்குமா என்று கேட்டார். "அது அன்புக்காகப் பட்டதாங்க?" என்று சாமியார் சந்தேகமாக இழுக்க, "ஆமா சாமி, எம் பொஞ்சாதி கைச்சமையல்" என்றார் சிங்கராயர். சாமியார் கொஞ்சம் யோசித்து, சிபாரிசு செய்கிறேன் என்றார்.

நேவிஸம்மாள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருஷத் திருவிழாக் கடையில், முகம் முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடி வாங்கிவந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டினாள். ஞாயிறு பூசை முடிந்து வந்தால், சேலைகூட மாற்றாமல் அதன் முன்னால் போய் நின்று, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த வயசுல கண்ணாடில என்னக்கா வேல?" என்று கேட்டுக்கொண்டு கிளாரா உள்ளே வந்தாள்.

"இங்க வாட்டி, கிட்ட வா" என்று அவளைக் கையைப் பிடித்து இழுத்து, மாப்பிள்ளை வீட்டாருக்கு நகையைத் திறந்து காட்டுகிறவளைப்போல வெளிச்சத்தில் கன்னத்தை நீட்டினாள் நேவிஸம்மாள். "இங்க புதுசா ஒண்ணு விழுந்திருக்கு, பாத்தியா?"